அளந்த நாளில் வயலில் நின்றவர்கள்

நான் சர்வே வேலைக்குச் சேர்ந்த புதிதில், சங்கிலி பிடிக்கக் கூட வந்த வயதான செயின்மேன் ஒருவர் சொன்னார்: "தம்பி, கல்லை அப்புறம் தேடலாம். வயல்ல யாரு நிக்கிறாங்க, யாரு வரலைன்னு முதல்ல பாருங்க." யு.டி.ஆர். என்று ஊரே சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதன்பின் புலப்படம், உட்பிரிவு, பட்டா மாறுதல் என்றே பணிக்காலம் ஓடியது. ஓய்வு பெற்று, நைரோபியில் வேலை பார்க்கும் மகளோடு தங்கியிருந்தபோது, அந்த நாட்டின் நிலப் பதிவேடு எப்படி இருக்கும் என்று பார்க்கப் புகுந்தேன். புகுந்த கால் இன்னும் வெளியே வரவில்லை.

வழிவழியாக வழக்காற்றில் ஆண்டுவந்த நிலத்தை அளந்து, தனி ஆள் பெயரில் பதிந்து, கையில் பத்திரம் கொடுத்துவிட்டால் விவசாயிக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்ற எண்ணத்தை ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் முதலில் நடத்திப் பார்த்த நாடு கென்யா. 1950களின் நடுவில் கிகூயு மக்களின் மலைப்பகுதியில் தொடங்கிய அந்த வேலையைப் பிற்பாடு பல நாடுகள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. அதன் வரலாற்றைப் பதிவேட்டில் நம்பிக்கை உள்ள ஒருவன் பார்வையிலிருந்து சொல்ல விரும்புகிறேன். பதிவேடு வேண்டாம் என்பவன் அல்ல நான். அதில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பதுதான் என் கவலை.

அந்த மலைப்பகுதியில், நியேரியிலிருந்து ஒதாயா போகும் வழியில் நின்று பார்த்தால் அந்த மண்ணின் அமைப்பு சட்டென்று விளங்கும். அபர்டேர் மலையிலிருந்து கிழக்கே இறங்கும் முகடுகள். இரண்டு முகடுகளுக்கு நடுவே ஓர் ஆறு. சாலை முகட்டின் உச்சியிலேயே போகிறது. ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் சாலையோரம் தொடங்கி ஆற்றில் போய் முடியும் நீளமான பட்டை. மேலே வீடும் மாட்டுக் கொட்டகையும், சரிவில் காப்பி அல்லது தேயிலை, அடியில் ஈர மண்ணில் வாழையும் சேப்பங்கிழங்கும். பார்க்க ஆதிகாலத்து ஒழுங்குபோல இருக்கும். ஆனால் அந்தப் பட்டைகளை வரைந்து முடித்து எழுபது ஆண்டுகூட ஆகவில்லை.

அதற்கு முன் நிலம் வேறு விதமாகப் பிரிந்து கிடந்தது. காட்டை வெட்டித் திருத்திய, அல்லது காட்டில் வேட்டையாடி வாழ்ந்த டொரோபோ மக்களிடம் ஆடுகள் கொடுத்து வாங்கிய ஒரு மூதாதை. அவர் வழிவந்தவர்கள் சேர்ந்தது 'ம்பாரி' என்ற பங்காளிக் கூட்டம். அவர்களுடைய நிலம் 'கிதாகா'. கூட்டத்தின் மூத்தவர் ஒருவர் 'முராமதி' என்ற பெயரில் அதைப் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வார் என்றால் பராமரிப்பார், பங்கிடுவார். தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. மணமான ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுக்கென்று தோட்டத் துண்டுகள் உண்டு. அதில் விளைவதை வைத்து அவள் தன் பிள்ளைகளுக்குச் சோறு போடுவாள். நாளை அந்தத் துண்டுகள் அவள் வயிற்றில் பிறந்த மகன்களுக்குப் போகும். நிலமில்லாத நண்பரோ மாப்பிள்ளையோ வந்தால் 'முஹோய்' என்ற முறையில் உழுது பிழைக்க இடம் கிடைக்கும். குத்தகைப் பணம் கிடையாது. கூட்டத்தில் ஒருவர்போல ஒத்தாசையாக இருக்க வேண்டும், விசேஷங்களுக்குப் பீர் தயாரித்துக் கொண்டுவர வேண்டும். ஆடு கொடுத்து வாங்கிய நிலத்தை, விற்றவர் பிள்ளைகள் ஆட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்கவும் வழி இருந்தது. தண்ணீர், விறகு, மேய்ச்சல் எல்லாருக்கும் பொது.

எல்லையைக் காட்ட ஒரு வகை லில்லிச் செடியையும் சில மரங்களையும் நடுவார்கள். பெரியவர்கள் கூடி, ஒரு கிடாவை அறுத்து, அதன் இரைப்பையில் இருந்ததை எல்லை நெடுகத் தூவுவார்கள். அந்த எல்லையைப் பிடுங்கியவனைச் சாபம் பிடிக்கும் என்பது நம்பிக்கை. ஒரே குடும்பத்துக்கு மேட்டில் ஒரு துண்டு, சரிவில் இரண்டு, ஆற்றங்கரையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். மழை பொய்த்தால் அடிநிலம் காப்பாற்றும்; பெருமழை பெய்தால் மேட்டுநிலம் காப்பாற்றும். ஒரே துண்டு நிலத்தில் ஒருவருக்கு உழும் உரிமை, இன்னொருவருக்கு மீட்கும் உரிமை, வேறொருவருக்கு வழிநடை என்று பல உரிமைகள் அடுக்கடுக்காக இருந்தன. எதுவும் எழுத்தில் இல்லை. ஆனாலும் யார் எதற்கு உரியவர் என்பது முகடு முழுவதும் தெரியும்.

இந்த உரிமைகளுக்கு மேல் சட்டம் என்ற ஒன்று வந்து உட்கார்ந்த கதையில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1895-இல் பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்காவைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாக அறிவித்தது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் போட நிலம் வேண்டியிருந்தது. புதிதாகச் சட்டம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லாமல், இந்தியாவின் 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தையே அங்கே கொண்டுபோய், ரயில் பாதைக்கு இருபுறமும் ஒரு மைல் தூரம் எடுத்துக்கொண்டார்கள். நம் பத்திர அலுவலகங்களில் இன்றும் உயிரோடிருக்கும் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமும் கப்பலேறிப் போனது. அது கென்யாவில் நீக்கப்பட்டது 2012-இல்தான். நாற்பது வயது வக்கீல்கள்கூட அந்தச் சட்டத்தைப் படித்துத் தேறியவர்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

1902-இல் வந்த அரச நில ஆணை வெள்ளையருக்கு நிலத்தை விற்கவும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடவும் வழி செய்தது. 1915-இல் வந்த ஆணை குத்தகையை 999 ஆண்டாக நீட்டியது. ஆப்பிரிக்க மக்கள் குடியிருந்து உழுதுவந்த நிலமும் அரச நிலமே என்றும் அது சொன்னது. அதன் பொருள் என்ன என்பதை 1921-இல் ஒரு வழக்கில் தலைமை நீதிபதி பார்த் விளக்கினார்: கென்யாவின் பூர்வகுடிகளுக்கு இனி நிலத்தில் உரிமை என்று ஏதும் இல்லை, அவர்கள் அரசரின் விருப்பம் உள்ளவரை இருக்கலாம். தாத்தன் காடு வெட்டிய நிலத்தில் பேரன் ஒரே தீர்ப்பில் தயவுக்குக் குடியிருப்பவன் ஆனான்.

மசாய் மக்களை 1904-இல் ஓர் ஒப்பந்தம் செய்து பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்து லைக்கிப்பியாவுக்கு நகர்த்தினார்கள். மசாய் இனம் இருக்கும் வரை அந்த இடம் அவர்களுடையது என்று சொல்லப்பட்டது. ஏழே ஆண்டில், 1911-இல், இன்னோர் ஒப்பந்தம் போட்டு அங்கிருந்தும் தெற்கே அனுப்பினார்கள். மசாய்கள் நீதிமன்றம் போனார்கள். இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, உள்ளூர் நீதிமன்றம் இதை விசாரிக்க முடியாது என்று 1913-இல் திருப்பி அனுப்பினார்கள். நிலத்தை எடுக்கும்போது ஆளப்படும் மக்கள். நியாயம் கேட்கும்போது அயல்நாட்டார். இப்படி ஒதுக்கிய நிலத்தோடு சேர்ந்து வெள்ளையர் மேட்டுநிலம் உருவானது. விடுதலையின்போது அது சுமார் 75 லட்சம் ஏக்கர். மறுபக்கம், 'ரிசர்வ்' என்று வேலி போட்ட பகுதிகளில் ஆப்பிரிக்கர்கள் பெருகப் பெருகத் துண்டுகள் சிறுத்தன. 1932-இல் அமைத்த கார்ட்டர் ஆணையம் 1934-இல் அறிக்கை தந்தது. கொஞ்சம் நிலத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, ரிசர்வுக்கு வெளியே பழைய உரிமை என்று இனி யாரும் கேட்கக் கூடாது என்று முடித்துவைத்தது. அந்த முடிவிலிருந்துதான் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் போராட்டத்துக்கு நேர்வழி போகிறது.

1952 அக்டோபர் 20-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1954 ஏப்ரலில் நைரோபியைச் சுற்றிவளைத்துப் பல்லாயிரம் கிகூயு ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். அதே ஆண்டு நடுவிலிருந்து, முகடுகளில் சிதறி வாழ்ந்த குடும்பங்களை வீட்டைக் கொளுத்திக் கிளப்பி, அகழியும் முள்வேலியும் சூழ்ந்த புது ஊர்களில் குடியேற்றினார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேர், எண்ணூறுக்கு மேற்பட்ட ஊர்கள். மாவ் மாவ் தலைவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்ய 1953-லேயே தனி ஆணை வந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் விவசாயத் துறையிலிருந்த ரோஜர் ஸ்வின்னர்டனின் திட்டம் வெளியானது, 1954-இல். பிரிட்டன் 50 லட்சம் பவுண்டு தர முன்வந்தது. திட்டம் சொன்னது இதுதான்: சிதறிய துண்டுகளை ஒன்றாகச் சேர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் நிலம் கொடு, தனி ஆள் பெயரில் பதிவு செய், காப்பி போட விடு, அந்தப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கட்டும். அதுவரை பெரும்பாலான ஆப்பிரிக்கர்களுக்குக் காப்பி பயிரிடத் தடை இருந்ததை நினைத்தால், திட்டத்தில் நல்லது இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நிலமுள்ள வர்க்கம் ஒன்றும் நிலமற்ற வர்க்கம் ஒன்றும் இதனால் உருவாகும் என்பதும் அதே அறிக்கையில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தது. ஒரு நாடு வளர்வதில் அது இயல்பான படி என்று அவர்கள் கருதினார்கள். நிலமுள்ள குடியானவன் கலகத்துக்குப் போகமாட்டான் என்பது அரசின் கணக்கு.

அளவை எப்படி நடந்தது என்பதை என் தொழில் காரணமாகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஒரு குழு. ஒருவர் வந்து 'இந்தத் துண்டு என்னுடையது' என்று காட்ட வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் அளந்து எழுதுவார்கள். இப்படி ஒருவருடைய எல்லாத் துண்டுகளையும் கூட்டி, சாலைக்கும் பள்ளிக்கும் ஊருக்கும் என்று ஒரு பங்கைக் கழித்து, மீதிக்கு ஈடாக ஒரே இடத்தில் நிலம் ஒதுக்குவார்கள். புது எல்லையில் வேலிச்செடி நட்டு, அது வளர்ந்து தெரியும்போது விமானத்திலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பதிவு வரைபடம் தயாரிப்பார்கள். கல் நட்டுக் கோணம் எடுக்கும் வேலை இல்லை. குறைந்த செலவில், வேகமாக, பெரிய பரப்பை முடிக்கக் கூடிய முறை. ஒரு சர்வேயராக அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

குறை முறையில் இல்லை, காலத்தில் இருந்தது. துண்டைக் காட்ட வேண்டியவர்களில் பல்லாயிரம் பேர் அப்போது முகாமில் இருந்தார்கள். குழுவில் உட்கார்ந்தவர்கள் அரசுக்கு வேண்டிய தலைவர்களும் காவல்படையினரும். அளவை நடந்தபோது மற்ற மக்கள் முள்வேலி ஊர்களில் அடைபட்டிருந்தார்கள். நில வழக்குகள் வேலையைத் தாமதப்படுத்தும் என்று, 1956-இல் ஓர் ஆணை போட்டு ஆப்பிரிக்க நீதிமன்றங்களில் நில வழக்குகளை நிறுத்திவைத்தார்கள். முகாமிலிருந்து திரும்பியவர் தன் துண்டைத் தேடினால் அங்கே வேறொருவர் வேலி. முஹோய் முறையில் உழுதவர்களுக்குக் காட்டுவதற்குச் சொந்தத் துண்டே இல்லை. மீட்கும் உரிமை வைத்திருந்தவருக்கு எழுதப் பத்தி இல்லை. முராங்காவில் அளவை அவ்வளவு கோளாறாக நடந்ததால், விடுதலைக்குச் சற்று முன் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது.

ஒதாயாப் பக்கம் என் மகளுடன் வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் பாட்டியிடம் இதையெல்லாம் கேட்டேன். அங்கே பாட்டிகளை 'ஷோஷோ' என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நெருக்கடிநிலையின்போது அவர் சிறுமி. அகழி வெட்டப் பெண்களை ஓட்டிப் போனதும், விளக்கணைக்கும் நேரத்துக்கு அடித்த மணியும் நினைவில் இருக்கின்றன. நிலத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது ஒன்றுதான். பேத்தி மொழிபெயர்த்தார்: "என் அம்மாவுக்கு ஆற்றங்கரையில் சேப்பங்கிழங்குத் தோட்டம் இருந்தது. வேலி போட்டபோது கிழங்கு முற்றவில்லை. முற்றியதும் தோண்டிக்கொள்கிறேன் என்று அம்மா கேட்டாள். நிலத்துக்காரர் சரி என்றார். அவர் மகன் மாட்டேன் என்றான். அம்மா அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை."

பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நிலப் பதிவகத்தில் வைத்திருக்கும் பதிவேட்டுக்கு அங்கே 'பச்சை அட்டை' என்று பெயர், அதன் நகல். மூன்று பகுதிகள். முதல் பகுதியில் சொத்து விவரம்: பகுதியின் பெயர், துண்டு எண், பரப்பு. பரப்புக்குப் பக்கத்தில் 'தோராயம்' என்று எழுதியிருந்தது. நம் புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டரில் அளவு இருக்கும். அங்கே எல்லை என்பது வேலிச்செடிதான். இரண்டாம் பகுதியில் உரிமையாளர் பெயர். மூன்றாம் பகுதியில் வில்லங்கம். இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு பெயர், 1960களின் தேதியோடு. அது ஷோஷோவின் மாமனார். அவர் இறந்து பல காலம் ஆகிறது. மகன்கள் நால்வரும் தாங்களே கயிறு பிடித்து, சாலையிலிருந்து ஆறு வரை நான்கு மெல்லிய பட்டைகளாகப் பிரித்து வேலி நட்டு வாழ்கிறார்கள். வாரிசு வழக்குப் போட்டு, உட்பிரிவுப் படிவம் வரைந்து, நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒப்புதல் வாங்கிப் பதிய ஆகும் செலவு ஒரு வருடக் காப்பிப் பணத்துக்கு மேல். ஆகவே அட்டையில் இறந்தவர், மண்ணில் நான்கு குடும்பங்கள். அளந்து கொடுத்த அந்த ஒரு தலைமுறை தாண்டியதும் பதிவேடும் நிலமும் தனித்தனி வழியில் போய்விட்டன. இப்படி அளந்து பதிந்த பல பகுதிகளில் இதுதான் சாதாரண நிலைமை. கடனுக்குப் பத்திரம் உதவும் என்ற கணக்கும் பெரிதாகப் பலிக்கவில்லை. ஏலத்தில் வந்தால் பங்காளிகள் வாங்கவும் மாட்டார்கள், வாங்கியவரைக் குடிவரவும் விடமாட்டார்கள் என்பது வங்கிக்கும் தெரியும்.

ஏன் ஒரே பெயர்? சட்டமே அப்படித்தான் வடிவமைத்தது. 1963-ஆம் ஆண்டு பதிவு நிலச் சட்டம், பதிவானவரை முழு உரிமையாளர் ஆக்கியது. ஒரு நிலத்துக்கு ஐந்து பேருக்கு மேல் பதிய முடியாது என்றது. ம்பாரி என்றால் ஐம்பது பேர் இருப்பார்கள். அவர்களில் மூத்தவரோ, மூத்த மகனோ பெயர் கொடுத்தார். எல்லாருக்காகவும் கொடுக்கிறோம் என்றுதான் அன்று நினைத்தார்கள். அதைவிடக் கடுமையான பிரிவு ஒன்றும் அதில் இருந்தது. பதிவில் மோசடியோ பிழையோ இருந்தால் நீதிமன்றம் திருத்தலாம். ஆனால் முதல் பதிவாக இருந்தால் முடியாது. மோசடி என்று நிரூபித்தாலும் முடியாது. நெருக்கடிநிலையில் எழுதியதை யாரும் பிறகு கிளறிவிடக் கூடாது என்பதற்காக 1959-இல் வந்த ஆணையிலிருந்து 2012 வரை அந்தப் பாதுகாப்பு தொடர்ந்தது. என் பணிக்காலத்தில் பிழை திருத்த மனுக்களுக்காகவே எத்தனையோ நாட்கள் செலவழித்திருக்கிறேன். திருத்தவே முடியாத பதிவேடு என்று ஒன்றை நினைத்தாலே எனக்கு மனம் பதைக்கிறது.

விளைவு நீதிமன்றங்களில் தெரிந்தது. 1972-இல் ஒபியேரோ – ஒபியோ வழக்கில், பதிவானவர் உரிமைக்கு முன் வழக்காற்று உரிமை நிற்காது என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு எசிரோயோ வழக்கில், தன் பெயரில் பதிவான நிலத்திலிருந்து தன் சொந்த மகன்களையே வெளியேற்ற ஒரு தந்தைக்கு வழி கிடைத்தது. வழக்காற்றில் நினைத்தே பார்க்க முடியாத ஒன்று, ஓர் அட்டையின் பலத்தில் நடந்தது. வேறு சில நீதிபதிகள், பதிவானவர் குடும்பத்தின் சார்பில் பொறுப்பாளராக இருக்கிறார் என்று வாதத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஆக, ஒரு விதவையோ தம்பியோ நிலத்தில் இருக்க முடியுமா என்பது எந்த நீதிபதி முன் நிற்கிறார் என்பதைப் பொறுத்ததாயிற்று.

விடுதலைக்குப் பின் மேட்டுநிலத்தின் கதை வேறு பாதையில் போனது. பறித்த நிலத்தைத் திருப்பித் தருவது என்றில்லாமல், விற்க விரும்புகிறவரிடம் வாங்க விரும்புகிறவர் வாங்குவது என்று முடிவானது. பத்து லட்சம் ஏக்கர் திட்டத்தில் சுமார் 35,000 குடும்பங்கள் கடன் வாங்கி நிலம் பெற்றன. தாத்தன் இழந்த நிலத்துக்குப் பேரன் தவணை கட்டினான். பணமும் பதவியும் இருந்தவர்கள் முழுப் பண்ணைகளையே வாங்கினார்கள். பிளவுப் பள்ளத்தாக்கில் முன்பு மேய்த்தவர்களும் புதிதாக வாங்கிக் குடியேறியவர்களும் ஒரே நிலத்தை இரண்டு நியாயங்களோடு பார்த்தார்கள். 1990களின் தேர்தல்களிலும், பிறகு 2007 முடிவிலிருந்து 2008 தொடக்கம் வரையிலும் அது ரத்தமாக வழிந்தது. அந்தக் கடைசி முறையில் மட்டும் 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறுபுறம் காடு, பூங்கா, பள்ளி மைதானம் என்று பொது நிலம் தனியார் பெயருக்கு மாறியது. 1989-இல் உஹுரு பூங்காவையும் 1999-இல் கரூரா காட்டையும் காக்கச் சூழலியலாளர் வங்காரி மாத்தாய் போராடியது அதற்காகத்தான். 2004-இல் அறிக்கை தந்த ந்துங்கு ஆணையம், 1962-க்கும் 2002-க்கும் இடையே சுமார் 2 லட்சம் பத்திரங்கள் சட்டவிரோதமாக உருவாக்கப்பட்டன என்று கணித்தது. பத்திரம் என்றால் பாதுகாப்பு என்று நம்பச் சொன்ன நாட்டில், பத்திரமே திருட்டுக்கு வாகனம் ஆனது.

2010-இல் வந்த புதிய அரசியல் சாசனம் இந்தக் காயங்களைப் பெயர் சொல்லித் தொட்டது. நிலத்தில் பெண்களை ஒதுக்கும் சட்டமும் வழக்கமும் நீங்க வேண்டும் என்றது. அரசு நிலம், தனியார் நிலம் என்பவற்றோடு சமூக நிலம் என்ற மூன்றாவது வகையைச் சமமாக வைத்தது. 2012-இல் பழைய சட்டங்கள் ஒரே மூச்சில் நீக்கப்பட்டன; நம்மூர்ச் சொத்து மாற்றுச் சட்டமும் அவற்றில் ஒன்று. மண வாழ்க்கைச் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2013-இல் சட்டம் வந்தது. மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று ரோனோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-லேயே சொல்லியிருந்தது. மாவ் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒகியெக் மக்களுக்கு ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017-இல் நியாயம் வழங்கியது. 2018-இல் கென்யாவின் உச்ச நீதிமன்றம் கியேபியா வழக்கில், வழக்காற்றுப்படி குடும்பத்துக்குள்ள உரிமை அட்டையில் எழுதப்படாவிட்டாலும் பதிவானவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்த்துச் சொன்னது.

அக்கம்பக்கத்து நாடுகள் கென்யாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை பல. தான்சானியா 1999-இல் இயற்றிய கிராம நிலச் சட்டத்தில், வழக்காற்று உரிமைக்கு அரசு தந்த உரிமைக்குச் சமமான மதிப்புக் கொடுத்தது. எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதிச் சான்றிதழில் கணவன் மனைவி இருவர் படமும் ஒட்டியிருக்கும். ருவாண்டா 2009-லிருந்து சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட துண்டுகளை அளந்தது. சட்டப்படி மணந்தவர்களின் பெயர்கள் சேர்ந்தே ஏறின. அங்கும் விற்பனையும் பாகப்பிரிவினையும் பதியாமல் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. முதல் பதிவைப் பெரிய விழாவாக நடத்துவது எளிது. பத்தாவது வருடம் ஒரு சாவுக்குப் பின் பெயர் மாற்றுவதை ஒரு கூலிக்காரர் வீட்டுக்குக் கட்டுப்படியாகும் செலவில் செய்து கொடுப்பதுதான் கடினம். பதிவேடு பிழைப்பதும் சாவதும் அந்த இடத்தில்தான்.

இந்த வரலாறு முடிந்துபோன ஒன்றல்ல. 2016-ஆம் ஆண்டு சமூக நிலச் சட்டத்தின்படி துர்கானா, சம்புரு, தானா ஆறு போன்ற பரந்த மேய்ச்சல் நாடுகளில் அளந்து பதியும் வேலை பெரும்பாலும் இனிமேல்தான் நடக்க வேண்டும். அங்கே மழையைத் தேடிப் போனவன் திரும்பி வரச் சில மாதம் ஆகும். வறட்சியில் மட்டும் பயன்படும் கிணற்றுக்கு உரியவர்கள் சாதாரண வருடத்தில் கண்ணிலேயே பட மாட்டார்கள். மேய்ப்பவர் ஊரில் இருக்கும் பருவத்தில் அளக்க வேண்டும். கிணற்றுக்கும் வழிநடைக்கும் வறட்சிக் காலத்து மேய்ச்சலுக்கும் பதிவேட்டில் பத்தி ஒதுக்க வேண்டும். பெண்களின் பெயர் அவர்கள் கேட்காமலே ஏற வேண்டும். முதல் பதிவும் திருத்தத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பெயர் மாற்றம் ஓர் ஆட்டின் விலைக்குள் முடிய வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கருவி தேவையில்லை.

1972-இல் நீதிமன்றம் மூடிய கதவை உச்ச நீதிமன்றம் முழுதாகத் திறக்க 46 ஆண்டுகள் ஆயின. அதற்குள் இரண்டு தலைமுறைப் பெண்களும் தம்பிகளும் தாங்கள் உழுத நிலத்தில் விருந்தாளிகளாகவே வாழ்ந்து முடித்தார்கள். வடக்கே அளக்கப் புறப்படுகிறவர்கள் நியேரியின் அட்டைகளை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டுப் புறப்பட்டால், அந்த 46 ஆண்டுகளை அங்குள்ள மக்களுக்கு மிச்சப்படுத்த முடியும்.